இசைத்தட்டும் சி.டி.யும் பன்னிரண்டு பொத்தான்களும்

1

1996 அக்டோபர் 12, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியில் ஆறு டிகிரி. காப்பி, இரண்டு ரொட்டித் துண்டு, ரத்த அழுத்த மாத்திரை. ஏழு மணிக்குக் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் முறை எங்களுடையது. எட்டரைக்குப் படிக்கட்டைக் கூட்டித் துடைத்தேன். இந்த வாரம் அதுவும் எங்கள் முறைதான். துடைத்து முடித்ததும், அடுத்த வாரம் யார் முறை என்று காட்டும் அட்டையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். அந்த வீட்டு அம்மாள் மதியத்துக்குள் ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

ஜெர்மனிக்கு வந்து இன்றோடு ஒன்பது வருடம் முடிகிறது. கேசரி கிண்டட்டுமா என்று என் மனைவி வசந்தா கேட்டாள். வேண்டாம் என்றேன். முதல் வருடம் கிண்டினாள், ஐந்தாம் வருடம் கிண்டினாள். ஒன்பது என்பது கொண்டாடுகிற எண்ணாகத் தெரியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் திருப்பூர்க்காரன். இங்கே வடக்கே ஒரு துறைமுக நகரத்தில், நம் ஊரிலிருந்து கப்பலில் வரும் பனியன்களை இறக்கும் நிறுவனத்தின் கிடங்கில் தரம் பார்க்கிறேன். பெட்டியைத் திறப்பது, மார்பளவு, நீளம், தையல், நிறம் பார்ப்பது, எழுதுவது, மூடுவது. திங்கள் முதல் வெள்ளி வரை இதுதான். திருப்பூரில் செய்ததும் இதேதான். அங்கே பெட்டியை மூடும் முன் பார்த்தேன், இங்கே திறந்த பின் பார்க்கிறேன்.

ஆனால் இன்று நான் பார்க்க வேண்டியிருந்தது பனியன் அல்ல. சாப்பாட்டு மேஜைமேல் புதன்கிழமையிலிருந்து ஒரு கடிதமும் ஒரு சி.டி.யும் கிடந்தன. நாளைக் காலைக்குள் திருப்பூருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அறுநூற்றுப் பதினெட்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. என் மைத்துனரோடு ஆறு வருடமாகப் பேசாமல் இருக்கிறேனே, அதற்கு என்ன முடிவு?

2

சி.டி. வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பார்சலாக இருந்தால் இங்கே வீட்டுக்கு வராது. ஒரு சீட்டு வரும். சீட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போய், எண் எழுதிய தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டும். புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். என் எண் எழுபத்து நான்கு. ஐம்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

அதிகாரி இளைஞர். என் முன்னாலேயே பார்சலைப் பிரித்தார். அனுப்பியவர் முகவரியில் பாட்டுப் பதியும் கடையின் பெயர் இருந்ததால், இது வியாபார மாதிரியா என்று கேட்டார். இல்லை, அன்பளிப்பு என்றேன். அனுப்பியவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். முன்பு என் தொழில் கூட்டாளி, மனைவியின் அண்ணன் என்று சொல்ல நினைத்தேன். ஒன்பது வருடப் பழக்கத்தில் ஜெர்மன் பேசிவிடுவேன். ஆனால் இரண்டு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லப் போனால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிவிடும். “முன்னாள் மைத்துனர்” என்று வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. மனைவியைப் பிரிந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு இன்னும் நாலு வாக்கியம் வேண்டும். அன்றைக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

கடிதம் வசந்தா பெயருக்குத்தான் வந்திருந்தது. ஆறு வருடமாக அவர் எழுதுவதெல்லாம் தங்கைக்குத்தான்; என்னைப் பற்றிக் கடைசியில் “மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்” என்று ஒரு வரி இருக்கும். இந்தமுறை கடிதம் முழுவதும் எனக்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. அதில் இருந்தது இதுதான்: கட்டடக்காரர் கடை இருக்கும் தளத்தையும் சேர்த்துத் தையல் கூடமாக்கப் போகிறார். இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டும். பாட்டுப் பதிய இப்போது வருகிறவர்களும் இல்லை. கடைகளில் பதிந்த கேசட்டே தொங்குகிறது. ரெக்கார்டுகள் இருவருக்கும் பொதுவாக வாங்கியவை. மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் பெட்டி கட்டி வைக்கிறேன். வேண்டாம் என்றால் உடுமலையில் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஞாயிறு பதினொரு மணிக்கு வேன் கொண்டுவருகிறார். எனக்கு இரண்டும் சம்மதம் என்று எழுதியிருந்தார்.

கடைசிப் பத்தியை அப்படியே எழுதுகிறேன்: “இத்துடன் ஒரு சி.டி. வைத்திருக்கிறேன். நாம் கடைக்கு முதன்முதலில் வாங்கிய ரெக்கார்டின் பாட்டுகள்தான். அந்த ரெக்கார்டு மாப்பிள்ளையிடம் இருக்கிறது. இரண்டையும் கேட்டுப் பார்த்து மாப்பிள்ளையே முடிவு சொல்லட்டும். எனக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாது.”

3

மைத்துனர் பெயர் நாச்சிமுத்து. என்னைவிட நான்கு வயது மூத்தவர். நாங்கள் இருவரும் முதலில் ஒரே பனியன் கம்பெனியில் நூலைத் துணியாகப் பின்னும் கூடத்தில்தான் வேலை பார்த்தோம். முப்பது இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் இடம். பேச வேண்டுமானால் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். நான் நான்கு வருடத்தில் செக்கிங் பிரிவுக்கு மாறிவிட்டேன். அவர் பதினொரு வருடம் அங்கேயே நின்றார். இடையில் அவர் தங்கையை எனக்குக் கொடுத்தார்.

1982இல் இருவரும் சேர்ந்து பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்தோம். மாடியில் ஒரே அறை. ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு கேசட் டெக், மூன்று இரும்பு அடுக்கு. அந்தக் காலத்தில் கடையில் பாட்டு வாங்குவது என்றால் பட்டியல் கொடுப்பதுதான். ஒரு தாளில் பன்னிரண்டு, பதினாறு பாட்டை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்டுக்கொண்டு, பாட்டுகளைக் கூட்டி, இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டு அறுந்துபோகாமல் அடுக்க வேண்டும். அந்தக் கணக்கு என் வேலை. பகலில் கம்பெனி, ஆறு மணிக்குமேல் கடை. ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் நிமிடம், வினாடி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ரெக்கார்டின் உறையில் அச்சிட்டிருப்பதை நான் நம்பியதில்லை.

ரெக்கார்டைத் துடைக்கவும் ஒரு முறை வகுத்திருந்தேன். நல்ல மெல்லிய பருத்தித் துணி, கம்பெனியில் வெட்டில் விழுந்தது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கோடு போகிற திசையில் மட்டும் துடைக்க வேண்டும். ஊசியில் ஒட்டிய தூசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை எடுக்க வேண்டும். திருப்பூரில் பஞ்சுத் தூசி எங்கும் இருக்கும். ஜன்னலை மூடினாலும் வரும். நாச்சிமுத்து இதையெல்லாம் முனகாமல் செய்தார். சில சமயம் மட்டும் சிரித்துக்கொண்டே, “மாப்பிள்ளைக்கு ரெக்கார்டு கல்யாணப் பொண்ணுங்க. நலுங்கு வெச்சுத்தான் மேடை ஏத்தோணும்” என்பார்.

கடைக்குப் பெயர் வந்தது. பிசிறில்லாமல் பதிவார்கள் என்று பல்லடத்திலிருந்தும் கொமரலிங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தையல் கூடத்தில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே கம்பெனிகள் கேசட் வாங்கின. 1987இல் எனக்கு இங்கே வேலை வந்தபோது கடையை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். அவர் பின்னல் கூடத்து வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கடையில் உட்கார்ந்தார். முதல் ரெக்கார்டை மட்டும் நான் கையோடு எடுத்து வந்தேன்.

4

1989 கடைசியில் ஒரு கெட்ட பெயர் வந்தது. காதுகுத்து விசேஷத்துக்கென்று ஒருவர் தொண்ணூறு நிமிடக் கேசட் பதிந்து வாங்கிப் போயிருக்கிறார். ஒலிபெருக்கியில் போட்டபோது நான்காவது பாட்டில் ஊசி மாட்டிக்கொண்டு, ஒரே அடி திரும்பத் திரும்ப ஏழெட்டு முறை பதிவாகியிருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் கூடவே பாடிச் சிரித்தார்களாம். இதை எனக்கு எழுதியவர் நாச்சிமுத்து அல்ல. கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர். அடுத்த மூன்று மாதத்தில் இதேபோல இன்னும் இரண்டு புகார்.

அப்படி நடக்க வழியே இல்லை என்பது என் எண்ணம். பதியும்போது ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஊசி மாட்டினால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். டெக்கை நிறுத்தி, ரெக்கார்டைத் துடைத்து, முதலிலிருந்து பதிய வேண்டும். தெரியவில்லை என்றால் அவர் பக்கத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். டீ குடிக்கப் போயிருப்பார் என்று எழுதிக்கொண்டேன். என் 1989 டைரியில் அப்படியே இருக்கிறது.

1990 மே மாதம் முப்பது நாள் விடுப்பில் போனேன். போன மறுநாள் வசந்தாவையும் மகள் கவிதாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். கவிதாவுக்கு அப்போது பத்து வயது. கடை மேஜையில் ரெக்கார்டு பிளேயருக்குப் பதில் ஒரு சி.டி. பிளேயர் இருந்தது. முகப்பில் பச்சை எழுத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சுமார் இருபது சி.டி.கள். ரெக்கார்டு பிளேயர் மேல் ஒரு துணி மூடியிருந்தது, துணிமேல் தூசி.

என்னைக் கேட்காமல் ஏன் வாங்கினார் என்பதில் கோபம் தொடங்கியது. சி.டி.யில் பாட்டு வெறும் எலும்பாக இருக்கிறது, சதை இல்லை, குரலுக்கு அடியில் இருக்கிற சூடு போய்விடுகிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் காதுகுத்துக் கேசட் ஞாபகம் வந்தது.

“ரெக்கார்டைத் தொடைக்கறதுக்கும் பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்கும் சோம்பலாப் போச்சுங்களா மச்சான்? தட்டைச் சொருகிட்டுக் கால நீட்டிட்டு உக்காரலாம்னுதான இதை வாங்கியிருக்கறீங்க? சோம்பேறிக்கு எதுக்குங்க பாட்டுக்கடை?” என்றேன்.

எங்கள் பக்கத்தில் வைவதற்கும் ‘ங்க’ உண்டு. அதனால் வசவு குறைந்துவிடாது.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. “செரிங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்” என்றார்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்த விடுப்பின் மிச்ச நாட்களில் அவர் வீட்டுக்கு வசந்தாவும் கவிதாவும் மட்டும் போனார்கள். பிறகு இரண்டுமுறை ஊருக்குப் போனேன். இரண்டுமுறையும் கடைப் பக்கம் போகவில்லை. கவிதா பெரியவளானபோது தாய்மாமன் முறையில் அவர்தான் சீர் செய்ய வேண்டும். ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்றாள் வசந்தா. பள்ளி விடுமுறை ஒத்துவரவில்லை என்றேன். விடுமுறை ஒத்துத்தான் வந்தது. அவர் சேலையும் மாலையும் பார்சலில் அனுப்பினார். மாலை சுங்க அலுவலகத்தில் பத்து நாள் கிடந்து அழுகி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களே குப்பையில் போட்டார்கள்.

5

இன்று ஒன்பதரைக்கு வேலையைத் தொடங்கினேன்.

இந்த மூன்று நாளாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். எங்கள் நிறுவனத்துக் கன்டெய்னரில் பனியன் பெட்டிகளோடு ரெக்கார்டுகளையும் ஏற்றி வரவழைக்க முடியும். சுங்கத்துக்கு ஒவ்வொரு ரெக்கார்டின் பெயரும் ஆண்டும் ஜெர்மன் மொழியில் பட்டியலாக வேண்டுமாம். பட்டியல் போடத் தொடங்கிவிட்டேன். பழைய நோட்டைப் பார்த்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை எழுதியிருந்தேன். வீட்டில் எங்கே வைப்பது என்று வசந்தா கேட்கவில்லை. கேட்காததே எனக்கு ஒரு கேள்வியாக இருந்தது.

அதனால் ஒழுங்காகப் பரிசோதித்து எழுதி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இசைத்தட்டுதான் மேல் என்று நிரூபணம் ஆகிவிட்டால், அறுநூற்றுப் பதினெட்டையும் கடல் தாண்டிக் கொண்டுவருவதற்கு ஒரு நியாயம் இருக்கும். 1990இல் சொன்னதற்கும் நியாயம் இருக்கும். இரண்டாவதை நான் அப்போது எழுதவில்லை; இப்போது எழுதுகிறேன்.

முறை, சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிடுகிற முறைதான். திருப்பூர் வாசகர்களுக்குத் தெரியும். மாதிரித் துணியையும் புது லாட்டின் துணியையும் விளக்குப் பெட்டிக்குள் வைக்கும்போது எது எது என்று செக்கருக்குத் தெரியக்கூடாது. வைப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர். தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். காதும் அப்படித்தானே.

வசந்தாவை வைப்பவராக இருக்கச் சொன்னேன். கிடங்கிலிருந்து கொண்டுவந்த மாதிரிப் பொத்தான்களில் வெள்ளை ஆறு, நீலம் ஆறு எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டேன். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் ரெக்கார்டு, நீலம் என்றால் சி.டி. பாட்டு ஒன்றுதான், சரணத்திலிருந்து ஒரு நிமிடம். ரெக்கார்டை நேற்றே என் முறைப்படி துடைத்துவிட்டேன். இரண்டும் ஒரே அளவு சத்தமாகக் கேட்கும்படி குமிழில் பென்சிலால் இரண்டு கோடு. ஊசி இறங்கும் சத்தம் கேட்டுவிடாதபடி குமிழைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்ற வேண்டும். எதுவானாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சரியாக ஒரு நிமிடம் இடைவெளி.

“பனியனுக்குக்கூட இத்தனை பாக்க மாட்டீங்களாட்ட இருக்குது” என்றாள் வசந்தா. ஆனாலும் நான் சொன்னபடியே செய்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் அட்டை, அட்டையில் பன்னிரண்டு கட்டம். கவிதா சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. நான் கேசட் உறையில் எழுதுவதைக் கோலம் மாதிரி இருக்கிறது என்பாள். வழக்கமாக வீட்டுக்குள் இருக்கும்போது தலையில் ஒரு ஹெட்போன் இருக்கும். இன்று கழற்றி வைத்திருந்தாள்.

முதல் சுற்று: ரெக்கார்டு என்று எழுதினேன். சந்தேகமே இல்லை. குரல் அப்படி நிறைந்து வந்தது. இரண்டாவது: சி.டி. எலும்புதான். மூன்று, நான்கு, ஐந்து என்று போயிற்று. ஏழாவதில் கொஞ்சம் தடுமாறி, ரெக்கார்டு என்று எழுதினேன். கடைசி மூன்றும் மறுபடி உறுதியாகத் தெரிந்தன. பத்து ஐம்பத்தைந்துக்குப் பன்னிரண்டும் முடிந்தது.

வசந்தா தான் எழுதியிருந்த தாளைக் கொடுத்தாள். என் அட்டையோடு வைத்துப் பார்த்தேன். ஐந்து சரி. ஏழு தவறு.

இரண்டாம் தடவையும் பார்த்தேன். ஐந்துதான். குரல் நிறைந்து வந்த முதல் சுற்று சி.டி. எலும்பாக இருந்த இரண்டாவது, நான் துடைத்து வைத்த ரெக்கார்டு. கேட்காமலேயே நாணயம் சுண்டி எழுதியிருந்தால் ஆறு வந்திருக்கலாம்.

திருப்பூரில் செக்கிங் மேஜையில் ஒரு ஆள் இப்படி எழுதியிருந்தால் அன்று மதியமே அவரை மடிக்கும் பிரிவுக்கு மாற்றியிருப்பேன். மாற்றியிருக்கிறேன்.

6

கவிதா நோட்டோடு எழுந்து வந்தாள். நோட்டின் ஓரத்தில் அவளும் சுற்றுக்கு ஒன்றாக, ரெக்கார்டா சி.டி.யா என்று பன்னிரண்டு எழுத்து எழுதியிருந்தாள், யாரும் கேட்காமலேயே. வசந்தாவின் தாளோடு ஒப்பிட்டேன். பன்னிரண்டும் சரி.

எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“ஈஸிதான் அப்பா. ரெக்கார்டுல பாட்டுக்குப் பின்னாடி சன்னமா மழ பேயற மாதிரி ஒரு சத்தம் வந்துட்டே இருக்குது. சி.டி.ல இல்ல. உங்களுக்குக் கேக்கலயா?”

கேட்கவில்லை என்றேன்.

அவள் நம்பாமல் ரெக்கார்டை மறுபடி போட்டு, குமிழைக் கோட்டுக்கு மேல் ஏற்றி, அந்தச் சத்தம் தூக்கலாக வந்த ஒவ்வொரு முறையும் விரலை உயர்த்திக் காட்டினாள். இதோ, இதோ என்று. நான் பாட்டைத்தான் கேட்டேன். பிறகு ஜெர்மனில் ஏதோ சொல்லித் தோளைத் தொட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். வயதானவர்களுக்கு இங்கே சொல்கிற ஆறுதல் வார்த்தை அது. எனக்கு நாற்பத்தேழு.

நான் பொத்தான்களை எண்ணி டப்பாவில் போட்டேன். வெள்ளை ஆறு, நீலம் ஆறு. வசந்தா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“ஏனுங்க. உங்களுக்குச் சன்னச் சத்தம் மட்டுந்தானுங்க கேக்கல. அண்ணனுக்கு ஒரு பக்கமே கேக்காதுங்க.”

எந்த அண்ணனுக்கு என்று கேட்டேன். அவளுக்கு ஒரே அண்ணன்தான்.

“வலது காது சுத்தமாப் போயிருச்சுங்க. இடது காதும் பாதிதான். நாம இங்க வந்து ஒரு வருசத்துலயே. கோயமுத்தூருல காட்டுனாங்க. அத்தன வருசம் மிசின் சத்தத்துல நின்னதுன்னு டாக்டரு சொன்னாராம்.”

பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னாள். ஊசி மாட்டிக்கொண்ட அந்த நாளில் நாச்சிமுத்து டீ குடிக்கப் போகவில்லை. பிளேயருக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். டெக்கில் சத்தத்தைக் காட்டும் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி மாட்டினாலும் அந்த முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பாட்டு ஓடுகிறது என்றே நினைத்திருக்கிறார். மூன்று புகார் வந்த பிறகு சி.டி. பிளேயர் வாங்கினார். அதில் முகப்பில் எண் ஓடும். எத்தனையாவது பாட்டு, எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். எண் ஓரிடத்தில் நின்றால் பாட்டும் நின்றது என்று அர்த்தம்.

இசைத்தட்டா, சி.டி.யா என்று அவர் யோசித்ததெல்லாம் அவ்வளவுதான். பச்சை எழுத்து.

“பாட்டுப் பதியறவனுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா யாரு வருவான்னு அண்ணன் என்ற கையில சத்தியம் வாங்கிருச்சுங்க. முக்கியமா மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னு.”

பிறகு அவள் குரல் மாறிற்று.

“நீங்க அன்னைக்குச் சோம்பேறின்னு சொன்னப்ப நானும் பக்கத்துல தானுங்க நின்னுட்டு இருந்தேன்.”

ஆறு வருடத்தில் அவள் இதைச் சொன்னது இன்றைக்குத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அங்கே போகும்போது இங்கிருந்து ஒன்றும் கொண்டுபோகாமலும், அங்கிருந்து வரும்போது ஒன்றும் கொண்டுவராமலும் இருந்திருக்கிறாள். சத்தியத்தை ஏன் இப்போது உடைத்தாய் என்று கேட்டேன்.

“கடையத்தான் மூடறாங்களே. இனி யாரு வராம போகோணும்?” என்றாள்.

7

மதியம் சோறு, பருப்பு, பொரியல். மாலை நான்கு மணிக்கு ஏரிக்கரை வரை நடந்து திரும்பினேன், நாற்பது நிமிடம். திரும்பி வந்து 1989, 1990 டைரிகளை எடுத்தேன். “டீ குடிக்கப் போயிருப்பார்” என்ற வரியை அடிக்கலாமா என்று பேனாவைத் திறந்தேன். எழுதினதை அடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டு, “இல்லை. பக்கத்தில்தான் இருந்தார்” என்று எழுதினேன்.

ரெக்கார்டுகளைப் பற்றி முடிவு செய்ய நேரம் பிடிக்கவில்லை. உடுமலைக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். நான் காப்பாற்ற நினைத்தது என்னவோ, அது என் காதுக்குள் வருவதில்லை. எப்போதிலிருந்து வருவதில்லை என்பதும் தெரியாது. 1990இலேயே வராமல் இருந்திருக்கலாம். நானும் அந்த இயந்திரங்களுக்கு நடுவே நான்கு வருடம் நின்றவன்தானே. சூடு, சதை, எலும்பு என்று பேசியபோது எதைக் கேட்டுப் பேசினேனோ. இருநூற்றுப் பன்னிரண்டு வரை எழுதிய பட்டியலைக் கிழித்துக் காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டியில் போட்டேன்.

எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு மனிதன் ஏதாவது ஒன்றில் தன்னை விடாமல் நம்பிக்கொண்டுதான் நாளை ஓட்ட வேண்டியிருக்கிறது. மொழி சரியாக வரவில்லை, மகள் நம் எழுத்தைப் படிக்கவில்லை, படிக்கட்டை எதிர்வீட்டுக்காரர் சரிபார்க்கிறார். ஆனால் எனக்குக் காது இருக்கிறது, எது நல்லது என்று தெரியும் என்று ஒன்பது வருடம் இருந்தேன். அதற்கு விலையாக இன்னொருவரை ஆறு வருடம் சோம்பேறியாக வைத்திருந்தேன். எழுதும்போது இது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி தெரிகிறது. அப்படி ஒன்றுமில்லை. களைப்பாக இருக்கிறது. ஒன்பதரைக்குப் படுத்தேன்.

மறுநாள், ஞாயிறு. எழுந்ததும் காப்பி போடவில்லை, வெப்பமானியையும் பார்க்கவில்லை. முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்தேன். இங்கே மணி ஆறு, அங்கே ஒன்பதரை. வேன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நாலாவது மணியில் அவரே எடுத்தார்.

“மச்சான், சண்முகம் பேசறனுங்க.”

“யாருங்க?”

இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் யாருங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கட்டடத்தில் யாரும் நாற்காலியைக்கூட இழுக்க மாட்டார்கள். மூன்றாவது முறை கத்தினேன். வசந்தா எழுந்து வந்து கதவருகே நின்றாள். கவிதாவின் அறையிலும் விளக்கு எரிந்தது.

மூன்றாவது கத்தல் எப்படியோ எட்டிவிட்டது போலிருக்கிறது.

“மாப்பிள்ளைங்களா?” என்றார்.

ரெக்கார்டைப் பற்றிக் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, “அன்னைக்கு உங்களச் சோம்பேறின்னு நாலு பேரு முன்னால சொன்னது என்ற தப்புங்க மச்சான்” என்று கத்தினேன். மேல் மாடியில் யாரோ தரையைத் தட்டினார்கள்.

“இருங்க மாப்பிள்ளை” என்றார் நாச்சிமுத்து. “கைமறதியா இந்தக் காதுல வெச்சுட்டனுங்க, இதுல ஒண்ணுமே உழுகாதுங்க. அக்கட்டக் காதுக்கு மாத்திக்கறேன். இப்பச் சொல்லுங்க.”

ரிசீவர் மாறும் சத்தம் கேட்டது. நான் முதலிலிருந்து சொன்னேன்.